சிறுமூளை மாதிரி: எடைகள் எல்லாம் பூஜ்யமாவது ஏன்

உங்கள் சிறுமூளைக் கணினி மாதிரியில், இணை இழைகளுக்கும் (உள்ளீட்டைக் கொண்டுவரும் நுண்ணிய நரம்பிழைகள்) புர்க்கின்ஜி செல்லுக்கும் (சிறுமூளைப் புறணியின் வெளியீட்டு நரம்பு செல்) இடையிலான சினாப்ஸ் எடைகள், அதாவது இணைப்பு வலிமைகள், ஏன் சில நிமிடங்களில் பூஜ்யமாகின்றன என்று கேட்டிருந்தீர்கள். அதற்குக் கற்றல் விதியை, அதாவது எடைகளை மாற்றும் விதியை, குறை சொல்ல வேண்டியதில்லை. மூளைத்தண்டிலுள்ள கீழ் ஆலிவ் என்ற பகுதியிலிருந்து புர்க்கின்ஜி செல்லுக்கு வரும் ஏறு இழைகள் அளவுக்கு மீறித் துடிப்பதே காரணம். உங்கள் வரைபடத்தில் அவை 6 ஹெர்ட்ஸில் (வினாடிக்கு 6 துடிப்புகள்) ஓடுகின்றன. உயிருள்ள விலங்கில் அது ஏறத்தாழ 1 ஹெர்ட்ஸ்தான்.

உங்கள் விதி, ஏறு இழைத் துடிப்புக்கு முந்தைய 100 மில்லிவினாடிக்குள் வந்த இணை இழைத் துடிப்புகளுக்கு எடையைக் குறைக்கிறது. அதோடு, வரும் ஒவ்வொரு இணை இழைத் துடிப்புக்கும் சிறிது கூட்டுகிறது. 1 ஹெர்ட்ஸில் இணை இழைத் துடிப்புகளில் பத்தில் ஒன்றுதான் அந்த இடைவெளிக்குள் விழும் என்பதால், ஒரு குறைப்பின் அளவுக்கும் ஒரு கூட்டலின் அளவுக்கும் நீங்கள் வைத்துள்ள 10:1 விகிதம் சமநிலை தரும். 6 ஹெர்ட்ஸிலோ குறைப்பு ஆறு மடங்காகிறது.

சிறுமூளையின் ஆழ்கருக்களிலிருந்து (புர்க்கின்ஜி செல்கள் அடக்கிவைக்கும் நரம்பு செல் தொகுதிகள்) கீழ் ஆலிவுக்குப் போகும் தடுப்பு இணைப்பு உங்கள் மாதிரியின் இணைப்புப் பட்டியலில் இல்லை. (பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.) எடைகள் குறைந்து புர்க்கின்ஜி செல் தளரும்போது ஆழ்கருக்கள் விழித்து ஆலிவை அடக்கும்; அந்தக் கடிவாளம் இல்லாமல் சரிவு நிற்காது.

சோதிக்க, ஆலிவைத் துண்டித்து, ஏறு இழைகளுக்கு 1 ஹெர்ட்ஸ் பாய்சான் துடிப்புகளை (சீரற்ற நேரங்களில் வருபவை) ஊட்டுங்கள். சராசரி எடை நிலைத்தால் விதி சரி. தனித்தனி எடைகள் அலைந்து எல்லைகளைத் தொடலாம், அது வேறு விஷயம்.

ஆழ்கருக்கள் ஆலிவுக்குத் தரும் தடுப்பு இயல்பிலேயே மெதுவானது என்பதால், அதைச் சேர்க்கும்போது வேகமான சினாப்ஸாக அமைத்தால் அதன் விளைவை நம்ப வேண்டாம்.