ஸ்மிதாவின் இடுப்புக் குடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் ‘மிர்ச் மசாலா’ என்ற இந்திப் படம் பார்த்தேன். ஸ்மிதா பாட்டீல் அதில் நடிக்கவே இல்லை, சோன்பாயாக வாழ்ந்திருக்கிறார். அந்தக் கறுப்பும் கிராமத்து முகமும் அந்த மண்ணிலேயே பிறந்தவர் போல இருந்தன. 31 வயதில் இறந்துவிட்டார் என்று படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. இவ்வளவு இயல்பான ஒருவர் ‘நமக் ஹலால்’ போன்ற மசாலாப் படங்களில் ஏன் நடித்தார்? அவருடைய சொந்த வாழ்க்கையைப் பற்றி இணையத்தில் என்னென்னவோ எழுதுகிறார்கள், எதை நம்புவது? ஷபானா ஆஸ்மி, ஸ்மிதா இருவரில் யார் பெரிய நடிகை? அவர் படங்களில் எதிலிருந்து தொடங்கலாம்?

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

நாம் பிறக்காத ஊரில், நமக்குத் தெரியாத மொழியில் நடித்து, 1986 டிசம்பரில் போய்விட்ட ஒரு பெண்ணுக்காக இன்று திருப்பூரில் ஒருவர் தூங்காமல் இருந்திருக்கிறார். இதைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. நானும் கொஞ்ச நாளாக அவர் படங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சொந்த வாழ்க்கை பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. பிள்ளை பெற்ற இரண்டே வாரத்தில் இறந்துபோன பெண் அவர். அந்தக் கதையை விட்டுவிடுங்கள். ஷபானாவா ஸ்மிதாவா என்பதும் வெட்டிப் பேச்சு. ‘அர்த்’ படத்தில் இரண்டு பேருமே இருக்கிறார்கள், ஒருவர் இல்லாமல் மற்றவர் அந்தப் படத்தில் நிற்க முடியாது. ‘நமக் ஹலால்’? கலைப்படத்தில் என்ன சம்பளம் கொடுப்பார்கள் என்று யோசித்தீர்களா? அவ்வளவுதான்.

ஆனால் ஒரு வரியை மட்டும் என்னால் சும்மா விட முடியாது. “நடிக்கவே இல்லை, வாழ்ந்திருக்கிறார்” என்கிறீர்கள். அதற்குச் சாட்சியாக அவர் நிறத்தையும் முகத்தையும் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள். இது பாராட்டு இல்லை, ஆர். ஒருவருடைய உழைப்பைப் பிடுங்கி அவர் தோலின் கணக்கில் எழுதுகிற வேலை.

ஸ்மிதா எந்தக் கிராமத்து மண்ணிலும் வேலை செய்து வளர்ந்தவர் இல்லை. 1955இல் பூனாவில் பிறந்தவர். அப்பா அரசியல்வாதி, அம்மா சமூக சேவகி. பம்பாய் தூர்தர்ஷனில் மராத்தியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். ஜீன்ஸுக்கு மேலேயே அவசரமாகப் புடவையைச் சுற்றிக்கொண்டு கேமரா முன்னால் உட்கார்ந்துவிடுவார் என்று சொல்வார்கள். இயக்குநர் ஷியாம் பெனகல் அவரைக் கண்டெடுத்தது அங்கேதான். அந்தப் பெண்தான் 1976இல் ‘மந்தன்’ படத்தில் எருமை வைத்துப் பால் ஊற்றும் பிந்துவாக வருகிறார். குஜராத் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு எடுத்த படம் அது. பால்காரர்களின் காசு, பால்காரர்களின் கதை. வேஷம் கொஞ்சம் பிசகினாலும் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அதே படத்தில் நடிகர் நசிருதீன் ஷாவும் இருக்கிறார். குடிசையில் தங்கினார், எருமை கறக்கக் கற்றுக்கொண்டார், சாணி தட்டினார் என்றெல்லாம் அவரே சொல்லியிருக்கிறார். அதை நாம் எப்படிச் சொல்கிறோம்? அர்ப்பணிப்பு, பயிற்சி, தேசிய நாடகப் பள்ளி! சரி, நியாயமான பாராட்டு. அதே ஊரில், அதே வெயிலில், அதே எருமைகளோடு நின்ற ஸ்மிதாவுக்கு மட்டும் என்ன கிடைக்கிறது? “இயல்பான பெண்.” ஆண் செய்தால் கலை, கறுப்பாக இருக்கும் பெண் செய்தால் பிறவிக் குணமா? படித்தவர்கள் எழுதும் விமர்சனத்தில்கூட இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன். இப்போது நீங்களும் எழுதினால் எனக்குக் கோபம் வராதா?

‘மிர்ச் மசாலா’வை நான் முதலில் தொலைக்காட்சியில் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அம்மாவுக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. தொடக்கத்தில் பெண்கள் தண்ணீர் எடுக்க வருகிறார்கள் இல்லையா? வரி வசூலிக்க வரும் அதிகாரியான சுபேதாரின் குதிரைகளைக் கண்டு மற்றவர்கள் ஓட, சோன்பாய் மட்டும் நிற்கிறாள். அம்மா சுபேதாரைப் பார்க்கவே இல்லை, குடத்தைத்தான் பார்த்தார். “இவ டவுன்காரி. ஆனா குடம் தூக்க நல்லாக் கத்துக்கிட்டிருக்கா” என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். சின்ன வயதிலிருந்து தூக்கியவர்கள் குடத்தை இடுப்பில் வைத்ததும் மறந்துவிடுவார்களாம். இந்தப் பெண் மறந்த மாதிரி இருக்கிறாளே தவிர, மறக்கவில்லையாம். வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் சுமந்தவர் அம்மா. வேலையை வேலை என்று அடையாளம் காண அவருக்கு ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது. நமக்கு முடியவில்லை.

அப்புறம், நீங்கள் பார்க்காத ஒன்று. ஜி. அரவிந்தன் 1985இல் எடுத்த மலையாளப் படம் ‘சிதம்பரம்’. தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து மூணாறு பக்கம் மாட்டுப்பட்டிப் பண்ணைக்கு வாழ்க்கைப்பட்டு வரும் சிவகாமி ஸ்மிதாதான். பூனாக்காரர் நம் ஊர்ப் பெண்ணாக வருகிறார். வசனம் கொஞ்சம்தான். புது இடத்துக்கு வந்த மருமகள் எவ்வளவு நேரம் தலையைக் குனிந்திருப்பாள், எப்போது சட்டென்று நிமிர்ந்து ஒரு பூவைப் பார்ப்பாள் என்பதை வைத்தே பாதிப் படத்தை நடத்திவிடுகிறார். முடிவில், முகத்தில் தழும்போடு, கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் இருப்பாள். முதல் பாதியில் பார்த்த கண்கள்தானா என்று சந்தேகமாக இருக்கும். இதெல்லாம் பிறந்த மண்ணிலிருந்து தானாக வந்துவிடுமா?

‘சக்ரா’வில் பம்பாய்ச் சேரிப் பெண்ணாக நடித்துத் தேசிய விருது வாங்கினார். அதில் குளிக்கும் காட்சியை மட்டும் தனியே எடுத்துப் போஸ்டராக ஒட்டினார்கள். இப்படிப் பெண்ணின் உடம்பைக் காட்டி டிக்கெட் விற்பதை அவர் பேட்டியிலேயே கண்டித்தார். மறைவில்லாத இடத்தில் ஒரு சேரிப் பெண் குளிக்க வேண்டியிருக்கிறதே என்பதற்காக வைத்த காட்சி அது. அவர் யோசித்துச் செய்ததை, யோசிக்காமல் பார்த்தார்கள். நீங்கள் அந்தப் போஸ்டர்காரர்களைப் போன்றவர் இல்லை. அதனால்தான் இவ்வளவு உரிமையோடு திட்டுகிறேன்.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். ‘மந்தன்’ பாருங்கள். 2024இல் கான் திரைப்பட விழாவில் திரையிட்ட புதுப்பித்த பிரதி கிடைத்தால் நல்லது. மறுநாளே ‘பூமிகா’ பாருங்கள். மராத்தி நடிகை ஹன்சா வாட்கரின் தன்வரலாற்றை ஒட்டிய படம். அதில் ஸ்மிதா ஒரு சினிமா நடிகை. அந்த நடிகை நடிக்கும் பழங்காலப் படங்களும் உள்ளே வருகின்றன. அந்தக் காலத்து மிகையான பாணியில் கண்ணை உருட்டி நடிப்பார். கேமரா நின்றதும் அதே முகம் களைத்துப்போன ஒரு மனைவியின் முகமாக மாறும். நடிப்பின் இரண்டு தினுசையும் ஒரே படத்தில் அருகருகே வைத்துக் காட்டியபோது அவருக்கு 22 வயதுகூட நிறையவில்லை. ‘மந்தன்’ 1976, ‘பூமிகா’ 1977. பிந்துவிலிருந்து இங்கே வந்துசேர அவருக்கு ஒரே வருடம்தான் பிடித்தது.