பெற்றோல் எந்த இடத்திலிருந்து சொட்டுகிறது? பழைய மோட்டார் சைக்கிள் கேள்வி-பதில்

கேள்வி (களுவாஞ்சிக்குடி வாசகர்): ஐயா, என்னிடம் இருப்பது பழைய ஹொண்டா சீடி 125. இரவு வாசலில் நிறுத்தினால் விடியும்போது கார்புரேட்டருக்கு நேர் கீழே மண் நனைந்து கிடக்கிறது. வீடெல்லாம் பெற்றோல் மணம். கராஜில் காட்டினேன். கழற்றாமலே, "கார்புரேட்டர் முடிஞ்சு போச்சு, புதுசு போடுங்க" என்றார்கள். உண்மையிலேயே மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். கார்புரேட்டர் என்பது பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பகுதி. திறந்து பார்க்காமல் ஒரு கார்புரேட்டர் முடிந்துவிட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒழுகும் கார்புரேட்டர்களில் பெரும்பாலும் பழுது ஒரு சின்ன நீடிலிலோ ஒரு ரப்பர் வளையத்திலோதான் இருக்கும்.

அதற்கு முதல் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இன்றிரவிலிருந்தே வண்டியை நிறுத்தியதும் டாங்கிக்குக் கீழுள்ள பெற்றோல் டெப்பை ஓஃப் செய்யுங்கள். குசினிப் பக்கமோ, சாமி விளக்கு எரியும் விறாந்தையிலோ நிறுத்த வேண்டாம். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. மேலே போகாமல் தரையோடு பரவி, தூரத்தில் இருக்கும் நெருப்பிலும் போய்ப் பற்றும். ஓடி வந்த சூட்டோடு சைலன்சருக்குப் பக்கத்தில் பெற்றோல் சொட்டுவதும் அதே ஆபத்துத்தான்.

சரி, இனிப் பழுதுக்கு வருவோம். கார்புரேட்டரின் அடியில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது. அதற்குள் மிதக்கும் ஃப்ளோட், பெற்றோல் மட்டம் உயர உயரத் தானும் உயர்ந்து ஒரு நீடிலை மேலே தள்ளும். நீடில் போய், பெற்றோல் வரும் துளையின் வாயான சீட்டில் உட்கார்ந்தால் வரத்து நின்றுவிடும். வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் பந்து மிதந்து குழாயை அடைப்பதும் இப்படித்தான். நீடில் சரியாக அடைக்காவிட்டால் மட்டம் ஏறிக்கொண்டே போகும். மேலதிகப் பெற்றோல் ஓவர்ஃப்ளோ பைப்பால் வெளியே வரும்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது எந்த இடத்தில் ஈரம் தொடங்குகிறது என்பதை. எஞ்சின் ஆறிய பிறகு கார்புரேட்டரைச் சுற்றி நன்றாகத் துடைத்து, வெளிப்புறமெல்லாம் முகப்பவுடர் தூவுங்கள். காற்று வடிகட்டியின் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டெப்பைத் திறந்து சற்று நேரம் விட்டால், ஈரம் தொடங்கும் இடத்தில் பவுடர் கறுத்துவிடும்.

ஓவர்ஃப்ளோ பைப்பின் நுனியில் சொட்டினால் நீடில், சீட், ஃப்ளோட் என்ற இந்த மூன்றில் ஒன்று. கிண்ணம் கார்புரேட்டரின் உடம்போடு சேரும் கோட்டில் கசிந்தால் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். அடியிலுள்ள திருகாணியில் சொட்டினால் அந்தத் திருகாணியோ அதன் வொஷரோ. மேற்பக்கத்தில், டாங்கியிலிருந்து வரும் டியூப் பூட்டியிருக்கும் இடம் நனைந்திருந்தால் டியூப்பும் கிளிப்பும்தான் காரணம். அதற்குப் போய் கார்புரேட்டரைக் குற்றம் சொல்லக் கூடாது.

டெப்பையும் சோதித்துப் பாருங்கள். டெப் ஓஃபில் இருந்தும் இரவெல்லாம் சொட்டினால் டெப்பும் அடைக்கவில்லை என்று அர்த்தம். கார்புரேட்டர்ப் பக்கத்து டியூப்பைக் கழற்றி, வெளியிடத்தில் ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டு, டெப்பை ஓஃபில் வைத்து ஒரு மணித்தியாலம் பொறுங்கள். போத்தல் காய்ந்தபடி இருக்க வேண்டும். நனைந்தால் டெப்புக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டது. இரண்டும் சேர்ந்தே பழுதாகியிருக்கும் வண்டிகள் நிறைய. ஒன்றை மட்டும் திருத்திவிட்டு, "காசு செலவழிச்சும் நிக்கல்லியே" என்று மனம் நோவது அதனால்தான்.

ஓவர்ஃப்ளோ பைப்பில் வருகிறது என்றால், திறக்க முதல் ஒரு ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் கிண்ணத்தை மெதுவாக இரண்டு தட்டுத் தட்டிப் பாருங்கள். நீடிலில் தூசு மாட்டியிருந்தால் சில வேளை விழுந்துவிடும். சொட்டு நின்றாலும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். அந்தத் தூசு டாங்கியிலிருந்து வந்தது, இன்னும் வரும்.

நமது பக்கத்தில் இது பெரிய விஷயம். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை முழுக்கக் கடல் உப்புக் காற்று. கார்த்திகை, மார்கழி மழையில் டாங்கி மூடியால் தண்ணீர் இறங்கும். அரை டாங்கியோடு நிற்கும் வண்டியின் உட்பக்கம் துருப்பிடிக்கும். அந்தச் செம்பொடிதான் வந்து நீடிலின் நுனியில் உட்காருகிறது. உப்புக் காற்று கார்புரேட்டரின் உடம்பையும் விடாது, உள்ளே வெள்ளைப் பொடியாகப் பூத்திருக்கும். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் மாதக்கணக்காக ஓடாமல் நின்ற வண்டிகள் பலவற்றில் பழைய பெற்றோல் பிசினாகக் காய்ந்து நீடிலைப் பிடித்துக்கொண்டதும் உண்டு. ஆகவே கிண்ணத்தில் செம்பொடி கண்டால் டாங்கியைக் கழுவாமல், டெப்பின் வலையைத் துப்புரவாக்காமல், டியூப்பில் ஒரு ஃபில்டர் பூட்டாமல் புதிய நீடில் போடுவது வீண் செலவு.

கழற்றினால் பார்க்க வேண்டியவை இவை. நீடிலின் கூம்பு நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுற்றிவர ஒரு பள்ளக் கோடு விழுந்திருந்தால் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை விழுந்து பெற்றோல் புகுந்திருக்கிறது. பித்தளை ஃப்ளோட் என்றால் சுடுதண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, வெளியே கொண்டுவந்து செய்யுங்கள். சீட்டில் பச்சையோ கறுப்போ படிந்திருந்தால் பஞ்சுக் குச்சியில் பித்தளை மினுக்கும் பசை தொட்டு மெதுவாகத் துடைத்து, பிறகு அந்தப் பசை கொஞ்சமும் மிஞ்சாமல் கழுவ வேண்டும். அரத்தாள் பட்டால் சீட் கெட்டுவிடும். பெற்றோலை அளந்து விடும் ஜெட்டுகளின் துளையில் கம்பி விடவும் வேண்டாம், துளை பெருத்தால் பெற்றோல் செலவு கூடும்.

நீடில் புதிது, ஃப்ளோட் நல்லது, சீட் சுத்தம், ஆனாலும் சொட்டுகிறது என்ற நிலையில்தான் பல மெக்கானிக்மார் கைவிட்டு, புதியது வாங்கச் சொல்வார்கள். அப்போது கிண்ணத்துக்குள் நிற்கும் அந்தப் பித்தளை ஓவர்ஃப்ளோ பைப்பை உற்றுப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு அதில் விழுவது உண்டு. கிண்ணத்தைத் தனியே கழற்றி, கையில் மட்டமாகப் பிடித்து, பைப்பின் மேல்வாய்க்குக் கீழே நிற்கும் அளவுக்குப் பெற்றோல் ஊற்றிப் பாருங்கள். அடியில் சொட்டினால் வெடிப்புத்தான். கிண்ணத்தை மட்டும் மாற்றலாம், கவனமான கை இருந்தால் ஈயம் பற்றவைத்தும் அடைக்கலாம்.

திரும்பப் பூட்டும்போது ஓ-ரிங் பெருத்துப் பள்ளத்துக்குள் அடங்காமல் நிற்கும். பெற்றோலில் ஊறியதால் வருவது அது. காயவிட்டால் பெரும்பாலும் சுருங்கும், ஆனால் புதியது போடுவது நல்லது. பூட்டிய பிறகு கிண்ணத்தின் பெற்றோல் மட்டத்தையும் பார்த்துவிடுங்கள். அடியிலுள்ள வடிகால் வாயில் தெளிவான டியூப் ஒன்றைப் பூட்டி, அதை மேலே வளைத்துக் கிண்ணத்தோடு ஒட்டிப் பிடித்து, திருகாணியைத் தளர்த்துங்கள். டியூப்பில் ஏறி நிற்கும் பெற்றோல் கிண்ணம் சேரும் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டினால் ஃப்ளோட்டின் உயரம் பிழை. வண்டியைச் சாய்க்காமல், நடு ஸ்டாண்டில் வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, எஞ்சின் ஒயிலை மறந்துவிடாதீர்கள். நீடில் அடைக்காமல் இரவெல்லாம் ஓடிய பெற்றோல் எஞ்சினுக்குள்ளும் இறங்கியிருக்கலாம். ஒயில் குச்சியை மணந்து பாருங்கள். பெற்றோல் மணந்தாலோ, ஒயில் மட்டம் கூடியிருந்தாலோ ஸ்டார்ட் பண்ண வேண்டாம். ஒழுக்கைத் திருத்தி, ஒயிலை மாற்றிய பிறகே மிதியுங்கள். தண்ணிபோல ஆன ஒயிலில் ஓட்டினால் தேய்வது எஞ்சின், அந்தச் செலவோடு பார்த்தால் கார்புரேட்டர் ஒன்றுமில்லை.

மறுபடி கராஜுக்குப் போனால், "எனக்கு முன்னால திறந்து காட்டுங்க, கழட்டுற பழைய சாமான் எனக்கு வேணும்" என்று முதலிலேயே சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் பாஸ் இதைக் குறையாக எடுக்க மாட்டார்.

கேள்வி (அக்கரைப்பற்று வாசகி): என் மகனின் வண்டிக்கு "ஒரிஜினல்" என்று சொல்லி ஒரு கார்புரேட்டர் விற்றார்கள். பூட்டிய நாளிலிருந்து கறுப்புப் புகை, பெற்றோல் செலவும் கூட. கடையில் திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். பில்லும் தரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, கறுப்புப் புகை என்றால் பெற்றோல் தேவைக்கு மேலே போகிறது. சந்தையில் வரும் போலிக் கார்புரேட்டர்கள் பல வண்டிகளுக்கும் பொருந்துகிற மாதிரி வார்க்கப்பட்டவை. உருவம் பொருந்தும், உள்ளே ஜெட்டின் அளவு உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. பழையதை வீசாமல் வைத்திருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஜெட்டில் பொறித்த இலக்கங்களை ஒப்பிடச் சொல்லுங்கள். வித்தியாசம் இருந்தால் அதுவே உங்கள் சாட்சி, படம் எடுத்து வையுங்கள். கெட்டியான பழைய உடம்புக்குள் புதிய நீடிலும் ஓ-ரிங்கும் போடுவது, மலிவான புதிய கார்புரேட்டரைவிட மேலானது என்பதுதான் என் எண்ணம். பழைய ஜப்பான் வண்டிகளுக்கு இது இன்னும் பொருந்தும்.

கடைக்காரருக்கு முதலில் எழுத்தில் கேளுங்கள், ஒரு வட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி. எப்போது வாங்கியது, எவ்வளவு, என்ன சொல்லி விற்றார்கள், என்ன குறை என்று எழுதுங்கள். அவர் அனுப்பும் பதிலே நீங்கள் அங்கு வாங்கியதற்கு ஆதாரமாகலாம். இறங்கி வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி முறைப்பாடு எழுத்தில், பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். ஆகவே "பிறகு பார்ப்போம்" என்ற கடைக்காரரின் சொல்லை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம், அம்பாறை மாவட்டச் செயலகத்திலும் விசாரிக்கலாம். அந்தச் சாமானையும் அது வந்த பெட்டியையும் பத்திரமாக வையுங்கள்.

கேட்டால் பில் தருவது விற்பவரின் கடமை. இனிமேல் சாமானின் பெயரும் எந்த வண்டிக்கு என்பதும் எழுதிய பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி (வாழைச்சேனை வாசகர்): பழைய பைக் ஒன்று பார்த்திருக்கிறேன். விலை சரி, ஆனால் பெற்றோல் மணக்கிறது. வாங்கலாமா?

பதில்: 2020 இல் நின்ற வாகன இறக்குமதி 2025 இல்தான் திரும்பத் திறந்தது. இடையில் பழைய பைக்குகளின் விலை ஏறியதால், விற்பவர்கள் சின்னக் குறைகளை மறைத்தே பழகிவிட்டார்கள். பெற்றோல் மணம் மட்டும் வாங்காமல் விடக் காரணம் இல்லை, ஆனால் விலை குறைக்கச் சொல்லக் காரணம்தான்.

முன்னறிவித்தல் இல்லாமல், எஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் போங்கள். டாங்கி மூடியைத் திறந்து போனின் டோர்ச்சால் உள்ளே பாருங்கள், சுடர் எதையும் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். உள்ளே தவிட்டு நிறத் துரு தெரிந்தால் டாங்கி வேலையையும் கணக்கில் சேருங்கள். டெப்பைத் திறந்து பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஒயில் குச்சியை மணந்து பாருங்கள். ஒயிலிலும் பெற்றோல் மணந்தால், விற்பவர் எவ்வளவு காலம் அப்படியே ஓட்டினார் என்பது உங்களுக்குத் தெரியாது. அந்த வண்டியை விட்டுவிட்டு வேறு பாருங்கள்.