வாசகர் கேள்வி – பதில்: ஜனவரி 1969-இன் நாடாக்கள்

பீட்டில்ஸ் குழு 1969 ஜனவரியில் லண்டனில் நடத்திய ஒத்திகைகளையும் ஒலிப்பதிவுகளையும் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: ‘லெட் இட் பீ’ படத்தை இளம் வயதில் பார்த்தபோது, ஒருவரையொருவர் சகிக்க முடியாத நான்கு பேரைப் பார்ப்பதாகத் தோன்றியது. 2021-இல் வெளிவந்த பீட்டர் ஜாக்சனின் தொடரிலோ அதே நால்வரும் சிரித்து விளையாடுகிறார்கள். எதை நம்புவது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டுமே ஒரே படச்சுருள்களிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவை. இயக்குநர் மைக்கேல் லிண்ட்சே-ஹாக்கின் குழுவினர் அந்த ஒரு மாதத்தில் ஏறத்தாழ 60 மணி நேரக் காட்சிகளையும் 150 மணி நேரத்துக்கு மேற்பட்ட ஒலியையும் பதிவு செய்தார்கள். அதிலிருந்து 1970-இல் சுமார் 80 நிமிடப் படம் ஒன்று வந்தது. 2021-இல் ஏறக்குறைய 8 மணி நேரத் தொடர் வந்தது. படத்தின் மனநிலையைத் தீர்மானித்ததில் அது வெளிவந்த நேரத்துக்கும் பெரிய பங்கு உண்டு. குழுவிலிருந்து பால் மெக்கார்ட்னி விலகிவிட்டார் என்ற செய்தி 1970 ஏப்ரல் 10 அன்று நாளிதழ்களில் வந்தது. அடுத்த மாதமே படம் திரைக்கு வந்தது. லண்டனில் நடந்த முதல் காட்சிக்கு நால்வரில் ஒருவர்கூடப் போகவில்லை. குழு உடைந்ததற்கான காரணத்தைத் தேடியே மக்கள் அரங்குக்குள் போனார்கள்; முகம் சுளித்த ஒவ்வொரு கணமும் அவர்களுக்குச் சாட்சியமாகத் தெரிந்தது.

ஆனால் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஜார்ஜ் ஹாரிசன் குழுவை விட்டு வெளியேறியது அந்த மாதத்தின் மிகப் பெரிய நெருக்கடி. அது 1970 படத்தில் இல்லவே இல்லை. 2021 தொடரில்தான் இருக்கிறது. துயரமான படம் என்று பெயர் எடுத்த படம் உண்மையான பிளவை மறைத்தது. மகிழ்ச்சியான தொடர் என்று கொண்டாடப்பட்ட தொடர் அதை நேராகக் காட்டியது. ஆகவே பழைய படம் பொய், புதிய தொடர் மெய் என்று தீர்ப்பு எழுத நான் உடன்படமாட்டேன். சண்டையும் சிரிப்பும் ஒரே பிற்பகலில், சில நேரம் ஒரே பாட்டின் நடுவில், நிகழ்ந்திருக்கின்றன.

கேள்வி: பாலுக்கும் ஜார்ஜுக்கும் அப்படி என்னதான் தகராறு? ஒரு கிட்டார் வாசிப்புக்காகவா ஒருவர் குழுவை விட்டுப் போவார்?
– வாசகர், திருச்சி

பதில்: கிட்டார் வாசிப்பில் அது வெளிப்பட்டது, அவ்வளவுதான். ஜனவரி 6 அன்று ‘டூ ஆஃப் அஸ்’ என்ற பாடலை ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஜார்ஜ் எப்படி வாசிக்க வேண்டும் என்று பால் விளக்கிக்கொண்டே போகிறார். தாம் எரிச்சலூட்டுகிறோம் என்பது பாலுக்கே தெரிகிறது. ஆனாலும் அவரால் நிறுத்த முடியவில்லை. நீ சொல்கிறபடியே வாசிக்கிறேன், வேண்டாம் என்றால் வாசிக்காமலே இருந்துவிடுகிறேன் என்று ஜார்ஜ் தணிந்த குரலில் பதில் சொல்கிறார். அவர் குரலை உயர்த்தியிருந்தால் அந்த இடம் இவ்வளவு வலித்திருக்காது என்று ஒவ்வொரு முறை கேட்கும்போதும் நினைக்கிறேன்.

பின்னணியைச் சேர்த்துப் பார்த்தால்தான் இது புரியும். மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் 1967 ஆகஸ்டில் இறந்த பிறகு, வேலையை இழுத்துச் செல்லும் பொறுப்பு சிறிது சிறிதாகப் பாலின் தலையில் விழுந்திருந்தது. இரவில் ஒலிப்பதிவு செய்து பழகியவர்கள், படக்குழுவின் வசதிக்காகக் காலையிலேயே ட்விக்கன்ஹம் படப்பிடிப்புத் தளத்துக்கு வர வேண்டியிருந்தது. குளிர்காலத்தில், பாட்டுக்கென்று கட்டப்படாத பெரிய கொட்டகை போன்ற அந்த இடத்தில், எந்நேரமும் கேமராக்களுக்கு முன்னால் உட்கார்ந்து, எங்கே எப்போது நடக்கும் என்றே முடிவாகாத ஒரு மேடை நிகழ்ச்சிக்காகப் புதுப் பாடல்களை உருவாக்க வேண்டும் என்பதே அவர்களுக்கு இருந்த வேலை. ஜார்ஜோ சற்று முன்புதான் அமெரிக்காவின் உட்ஸ்டாக்கில் பாப் டிலனோடும் அவருடைய இசை நண்பர்களோடும், சமமான மதிப்புடன் நடத்தப்பட்டு, சில வாரங்கள் இருந்துவிட்டு வந்திருந்தார். அங்கிருந்து திரும்பியவர் தம்முடைய ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ பாடலைக் கொண்டுவந்து வைத்தபோது, குழுவினர் பல முறை வாசித்துப் பார்த்தார்கள். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த ஒத்திகைகள் இன்றும் நாடாக்களில் இருக்கின்றன.

ஜனவரி 10, வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜார்ஜ் எழுந்து போய்விட்டார். திங்கட்கிழமை உணவருந்தும் இடத்தில் ஜான் லெனனும் பாலும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதை, பூந்தொட்டிக்குள் மறைத்து வைத்த ஒலிவாங்கி மூலம் படக்குழு பதிவு செய்துவிட்டது. ஜார்ஜின் மனத்தில் வெகுநாளாகப் புண் ஒன்று புரையோடிக்கொண்டிருந்தது, நாம் அதற்குக் கட்டுப்போடாமல் விட்டுவிட்டோம் என்ற பொருளில் ஜான் அங்கே பேசுகிறார். அவர்களுக்குத் தெரியாமல் பதிவு செய்தது சரியா என்ற கேள்வி என்னை உறுத்துகிறது. ஆனால் ‘அவர்களுக்கு ஜார்ஜைப் பற்றி அக்கறையே இல்லை’ என்ற பழைய குற்றச்சாட்டுக்கு அதைவிட நேரடியான மறுப்பும் இல்லை. ஜனவரி 12 அன்று குழுவின் டிரம்ஸ் கலைஞர் ரிங்கோ ஸ்டாரின் வீட்டில் நடந்த சந்திப்பில் சமாதானம் ஏற்படவில்லை. 15-ஆம் தேதி மீண்டும் கூடினார்கள். பெரிய மேடை நிகழ்ச்சியைக் கைவிட வேண்டும், ட்விக்கன்ஹத்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனைகளோடு ஜார்ஜ் திரும்பினார். அதன்பின் எல்லோரும் சவில் ரோ 3-ஆம் எண் கட்டடத்தில், தங்கள் ஆப்பிள் நிறுவனத்தின் அடித்தளத்துக்கு இடம் மாறினார்கள்.

சண்டைக்குக் காரணமான ‘டூ ஆஃப் அஸ்’ பாட்டுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். ட்விக்கன்ஹத்தில் மின்கிட்டார்களோடு வேகமாகத் தொடங்கிய அந்தப் பாடல், ஆப்பிள் அடித்தளத்தில் வேகம் குறைந்து, ஜானும் பாலும் சாதாரண கிட்டார்களை மீட்டியபடி ஒரே ஒலியாகச் சேர்ந்து பாடும் பாடலாக மாறியது. ஜனவரி 31 அன்று பதிவான இறுதி வடிவத்தில், பாஸ் கிட்டாரின் வேலையைத் தம் சாதாரண மின்கிட்டாரின் கீழ்த்தந்திகளில் செய்திருப்பவர் ஜார்ஜ்.

கேள்வி: நிராகரிக்கப்பட்ட டேக்குகள் (ஒரு பாட்டை ஒவ்வொரு முறை வாசித்தபோதும் எடுத்த பதிவுகள்) எல்லாம் அழிந்துபோகாமல் எப்படித் தப்பின? சில பதிவுகளில் இடையிடையே ‘பீப்’ என்று ஒலி வருகிறதே, அது என்ன?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: அவற்றைக் காப்பாற்றியவர்கள் படத்தின் ஒலிப்பதிவாளர்கள். ட்விக்கன்ஹத்தில் குரலையும் வாத்தியங்களையும் தனித்தனித் தடங்களில் பதியும், இசைத்தட்டுக்கான பல ட்ராக் பதிவு நடைபெறவே இல்லை; காட்சிக்குப் பொருத்தமான ஒலி வேண்டும் என்பதற்காக, இரண்டு கேமராக்களுக்கு இரண்டாக, நாக்ரா என்ற ஸ்விட்சர்லாந்து நாட்டுக் கருவிகளை வைத்திருந்தார்கள். ஒரு சுருள் சுமார் 16 நிமிடம் ஓடும். ஒன்றில் நாடா மாற்றும்போது மற்றொன்று ஓடிக்கொண்டிருந்ததால், பேச்சு, தேநீர் கேட்கும் குரல், பாதியில் நின்ற பாட்டு என எல்லாமே ஏறத்தாழ இடைவெளியின்றிப் பதிவாகிவிட்டன. நீங்கள் கேட்கும் ‘பீப்’ ஒலி, படத்தையும் ஒலியையும் பின்னர் பொருத்துவதற்காக இட்ட அடையாளம். பிரதியின் பிரதியாக வந்த ஒலிநாடாவில் நான் முதன்முதலாக அதைக் கேட்டபோது அது இடையூறாகத்தான் இருந்தது. இப்போது அது வரும்போதெல்லாம் அந்தக் கொட்டகைக்குள் யாரோ ஒருவர் கடமை தவறாமல் நின்றிருந்தார் என்பது நினைவுக்கு வருகிறது.

இந்த நாடாக்களில் ஒரு பெரும் பகுதி பின்னர் திருட்டுப்போனது. கள்ளத்தனமாக வெளியான எத்தனையோ இசைத்தட்டுகளுக்கு அவையே மூலம். 2003 ஜனவரியில் பிரிட்டன், நெதர்லாந்து காவல்துறையினர் மேற்கொண்ட நடவடிக்கையில், ஆம்ஸ்டர்டாம் அருகே சுமார் 500 நாடாக்கள் மீட்கப்பட்டன. எல்லாம் ஒரே ட்ராக்கில் பதிவானதால், கிட்டார் சத்தத்துக்கு அடியில் புதைந்த பேச்சை நெடுங்காலம் யாராலும் பிரித்தெடுக்க முடியவில்லை. ஜாக்சனின் குழுவினர் இயந்திரக் கற்றல் முறையில் குரலை வேறாகவும் வாத்தியத்தை வேறாகவும் பிரிக்கும் மென்பொருளை உருவாக்கிய பிறகே அந்தப் பூந்தொட்டி உரையாடலும் தெளிந்து கேட்டது.

ஆப்பிள் அடித்தளத்தில் டேக்குகள் குவிந்ததற்கு வேறு காரணம் உண்டு. ஒட்டுவேலை கூடாது, ஒரு ட்ராக்கின்மேல் பிறகு இன்னொன்றைச் சேர்க்கக் கூடாது, நால்வரும் சேர்ந்து வாசித்ததுதான் பாட்டு என்று தொடக்கத்தில் முடிவு செய்திருந்தார்கள். ஒருவர் பிசகினாலும் மொத்தப் பாட்டையும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு பாடலுக்கும் ஏராளமான டேக்குகள் மிஞ்சின.

கேள்வி: ‘கெட் பேக்’ பாடலின் தொடக்க வடிவத்தில் பாகிஸ்தானியரை இழிவுபடுத்தும் வரிகள் இருந்தன என்று கேள்விப்பட்டேன். உண்மையா? குடியேறி வந்தவன் என்ற முறையில் இது என்னை உறுத்துகிறது.
– வாசகர், லண்டன்

பதில்: உங்கள் உறுத்தல் நியாயமானது. அப்படிப்பட்ட வரிகள் நாடாவில் இருக்கின்றன. 1968 ஏப்ரலில் நாடாளுமன்ற உறுப்பினர் ஈனக் பவல் பர்மிங்ஹமில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசிய பேச்சு நாட்டையே கொந்தளிக்கச் செய்திருந்தது. கென்யாவிலிருந்து வெளியேறிய ஆசியர்கள் பிரிட்டனுக்குள் வருவதைத் தடுக்கும் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. ‘உன் ஊருக்குத் திரும்பிப் போ’ என்று கூச்சலிட்டவர்களை எள்ளுவதற்காகவே அந்த வரிகள் எழுந்தன. பவலின் பெயரைச் சொல்லியே அவர்கள் பாடிப் பார்த்த மற்றொரு பாட்டும் அதே நாடாக்களில் இருப்பதால் இதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எள்ளலாகப் பாடியது, தனியே வெட்டி எடுத்துக் கேட்டால், வசையாகவே காதில் விழும். அந்த மாதம் முடிவதற்குள் அந்த வரிகளைக் கைவிட்டது சரியான முடிவு. ஆனால், அந்த வரிகளைச் சுற்றியிருந்த பேச்சை நீக்கிவிட்டு அந்தச் சில விநாடிகளை மட்டும் சுற்றுக்கு விட்டவர்கள் உங்களைப் போன்றவர்களுக்கு அநீதி செய்தார்கள் என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: பில்லி பிரஸ்டன் வந்ததும் சண்டை நின்றுவிட்டதாமே?
– வாசகர், மதுரை

பதில்: நின்றது என்பதைவிட, எல்லோரும் ஒழுங்காக நடந்துகொண்டார்கள் என்பது பொருத்தம், வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நாம் நடந்துகொள்வதைப் போல. 1962-இல் ஹாம்பர்க்கில் அமெரிக்க ராக் பாடகர் லிட்டில் ரிச்சர்டின் குழுவோடு வந்திருந்த சிறுவனாக அவரை அவர்களுக்குத் தெரியும். ஜனவரி 22 அன்று வந்து மின்பியானோவில் அவர் உட்கார்ந்ததுமே வாசிப்பு கூர்மையாகிவிடுவதை நாடாவில் எவரும் கேட்கலாம். ‘கெட் பேக்’ ஒற்றை இசைத்தட்டில் ‘பீட்டில்ஸ், பில்லி பிரஸ்டனுடன்’ என்று அச்சிட்டார்கள்.

கேள்வி: இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் கைவைத்துத்தான் ‘லெட் இட் பீ’ இசைத்தட்டு கெட்டது என்கிறார்களே? விடுபட்ட பதிவுகளைக் கேட்க விரும்பும் புதியவர் எங்கிருந்து தொடங்கலாம்?
– வாசகர், புதுச்சேரி

பதில்: ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸ் 1969-இலும் 1970-இலும் இரண்டு முறை தொகுத்துக் கொடுத்தார், இரண்டையும் குழுவினர் ஏற்கவில்லை. பிறகே நாடாக்கள் ஸ்பெக்டரிடம் போயின. ‘தி லாங் அண்ட் வைண்டிங் ரோட்’ பாடலின்மேல் 1970 ஏப்ரல் 1 அன்று அவர் பெரிய வாத்தியக் குழுவையும் பாடகியர் குழுவையும் ஏற்றினார். பாடலை எழுதிய பாலிடம் கேட்கவில்லை. அது தவறு என்பதே என் கருத்து. இருந்தாலும், அந்த டேக்கில் ஜான் வாசித்த பாஸ் கிட்டார் பல இடங்களில் பிசகுகிறது என்பதையும், அந்தப் பிசகுகளை வயலின்கள் ஓரளவு மூடிக்கொடுத்தன என்பதையும் சொல்லாமல் விடுவது ஸ்பெக்டருக்குச் செய்யும் அநீதி. 1 நிமிடம் 34 விநாடியே இருந்த ‘ஐ மீ மைன்’ பாட்டை, ஒரு பகுதியைப் பிரதியெடுத்து ஒட்டி, 2 நிமிடம் 25 விநாடியாக அவர் நீட்டியதும் நல்ல வேலைதான்.

புதியவர்கள் முதலில், 2021-இல் முறையாக வெளியான கிளின் ஜான்ஸ் தொகுப்பைக் கேளுங்கள். தடுமாற்றங்களும் பேச்சும் அப்படியே இருக்கும் அதுதான் அந்த அடித்தளத்துக்கு மிக அருகில் நம்மைக் கொண்டுபோகிறது. அதன்பின் 1996-இல் வந்த ‘ஆந்தாலஜி 3’ தொகுப்பில், வயலின்கள் ஏறாத அதே ‘லாங் அண்ட் வைண்டிங் ரோட்’ டேக் இருக்கிறது.

அதற்கும் பிறகு ஜாக்சன் தொடரில் ஜனவரி 28 காட்சிக்குப் போங்கள். ‘சம்திங்’ பாட்டின் முதல் வரியில் ஒரு சொல் கிடைக்காமல் ஜார்ஜ் திணறுகிறார். சரியான சொல் வரும்வரை வாயில் வந்ததைப் போட்டுப் பாடு, காலிஃப்ளவர் என்றுகூடப் பாடு என்று ஜான் யோசனை சொல்கிறார். ஜார்ஜும் அப்படியே பாடிப் பார்க்கிறார். இரண்டு வாரத்துக்கு முன் எழுந்து போனவருக்கும், அவர் வராவிட்டால் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனை அழைத்துக்கொள்ளலாம் என்று சொன்னவருக்கும் இடையில் நடந்த பேச்சு இது. அதைக் கேட்ட கையோடு ‘ஆந்தாலஜி 3’-இல், 1969 பிப்ரவரி 25 அன்று, தமது 26-ஆம் பிறந்தநாளில், ஜார்ஜ் ஒலிப்பதிவுக் கூடத்தில் தனியாகப் பாடிய ‘சம்திங்’ பதிவைப் போடுங்கள். அந்த இடத்துக்கு உரிய சொல் அதற்குள் வந்துவிட்டிருக்கும்.