பைத்தான் நிரல்மொழியில் தினமும் வரும் சிக்கல்களைச் சமாளிக்க நடைமுறை யோசனை சொல்வீர்களா?

கேள்வியின் சுருக்கம்: ஆறு மாதமாகப் பைத்தான் எழுதுகிறேன். எரர் வந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. இங்கே ஒன்றை மாற்றுகிறேன், அங்கே ஒன்றை மாற்றுகிறேன், திடீரென்று ஓடிவிடுகிறது. ஏன் ஓடியது என்று புரிவதில்லை.

நீங்கள் எழுதியதில் கடைசி வரிதான் முக்கியம். ஏன் ஓடியது என்று தெரியாத கோட், நாளைக்கு நின்றாலும் ஏன் நின்றது என்று தெரியாது. பல வருடங்களாகப் பைத்தானோடுதான் என் அன்றாட வேலை. சக ஊழியர்கள் "கொஞ்சம் பாருங்களேன்" என்று கொண்டுவருகிற பிழைகளில் பெரும்பாலானவை ஒரே ரகம். வேரியபிளுக்குள் இருப்பதாக அவர்கள் நம்புவது ஒன்று, உண்மையில் இருப்பது இன்னொன்று. அதனால் நான் சொல்வது இதுதான்: கோடில் கை வைப்பதற்கு முன், உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

முதலில் ட்ரேஸ்பேக்கை, அதாவது எரர் வந்ததும் பைத்தான் காட்டும் அறிக்கையை, கீழிருந்து மேலாகப் படியுங்கள். கடைசி வரியில் பிழையின் பெயரும் காரணமும் இருக்கும். அங்கிருந்து மேலே போகும்போது, நீங்கள் எழுதிய கோப்பின் பெயர் முதலில் எங்கே வருகிறதோ அந்த வரியில் நில்லுங்கள். இடையில் வரும் லைப்ரரி (பிறர் எழுதிய ஆயத்தக் கோட்) வரிகளைப் பார்த்து மிரள வேண்டாம். பழுது அநேகமாக அங்கே இருக்காது. 3.11 பதிப்பிலிருந்து, ஒரு வரியின் எந்தத் துண்டில் சிக்கல் என்பதையும் அடியில் குறியிட்டுக் காட்டுகிறது. இன்னும் பழைய பதிப்பில் இருந்தால் இந்த ஒன்றுக்காகவே மாறலாம்.

அடுத்தது, பார்ப்பது. வெறும் பிரிண்ட் போதாது. மறைந்திருக்கும் குறிகளையும் காட்டும் ரெப்ர் (repr) ஃபங்ஷனுக்குள் போட்டு பிரிண்ட் செய்யுங்கள். கூடவே டைப் என்ன என்றும் கேளுங்கள். இது ஏன் என்று ஒரு சம்பவம் சொன்னால் புரியும்.

ஒரு சிஎஸ்வி கோப்பு, அதாவது காற்புள்ளியால் பிரித்த அட்டவணை. முதல் பத்தியின் (நெடுவரிசையின்) தலைப்பு "பெயர்". ஒவ்வொரு வரியையும் டிக்ஷனரியாகப் படித்து, "பெயர்" என்ற கீயைக் கேட்டால் கீஎரர், அதாவது அப்படி ஒரு கீ இல்லை என்ற பிழை. மற்ற எல்லாப் பத்திகளும் ஒழுங்காக வருகின்றன. கீக்களை ஒவ்வொன்றாக பிரிண்ட் செய்தேன். "பெயர்" என்றுதான் திரையில் தெரிந்தது. எழுத்துப்பிழை இருக்குமோ என்று அழித்து அழித்து அடித்ததில் ஒரு மதியமே போய்விட்டது. கடைசியில் அந்தத் தலைப்பின் லென், அதாவது நீளம், பார்த்தேன்: 6. ப, ஒற்றைக்கொம்பு, ய, ர, புள்ளி என்று எண்ணினால் 5தான் வரவேண்டும். ரெப்ர் போட்டதும் அந்த ஆறாவது ஆள் சிக்கினான். கோப்பின் தொடக்கத்தில் பைட் ஆர்டர் மார்க் என்ற குறி ஒன்று இருந்தது. சில விரிதாள் மென்பொருள்கள் யுடிஎஃப்-8 (எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் ஒரு முறை, அதாவது ஓர் என்கோடிங்) கோப்பைச் சேமிக்கும்போது இதை முன்னால் வைத்துவிடும். பிரிண்ட் செய்தால் கண்ணுக்குத் தெரியாது. கோப்பைத் திறக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎஃப்-8-சிக் (utf-8-sig) என்று கொடுத்தேன், சரியாகிவிட்டது. அந்த மார்க் இல்லாத கோப்பையும் அதே என்கோடிங் ஒழுங்காகப் படிக்கும்.

இதோடு சேர்ந்ததுதான் "என் கணினியில் ஓடுகிறது, அவர் கணினியில் ஓடவில்லை" என்கிற புகாரும். 3.15-க்கு முந்தைய பதிப்புகளில், ஓப்பன் செய்யும்போது என்கோடிங் சொல்லாவிட்டால், இயங்குதளத்தின் இயல்பு என்கோடிங்கைப் பைத்தான் எடுத்துக்கொள்ளும். லினக்ஸிலும் மேக்கிலும் அது வழக்கமாக யுடிஎஃப்-8. விண்டோஸில் அப்படி இருக்கும் என்று நம்ப முடியாது. தமிழ் உரை குப்பையாக வரும், அல்லது எழுத்தாக மாற்ற முடியவில்லை என்ற யூனிகோட்டிகோட்எரர் விழும். ஒவ்வொரு ஓப்பனிலும் என்கோடிங்கை நீங்களே எழுதிவிடுங்கள்.

தமிழ் உரையைக் கையாளுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் பொதுவான பாடங்களில் இது வருவதில்லை. "வணக்கம்" என்ற சொல்லுக்கு லென் போட்டால் 7 வரும். நமக்கு அது ஐந்து எழுத்து. பைத்தான் எண்ணுவது யூனிகோட் குறியீடுகளை; க் என்பது அதற்கு க-வும் புள்ளியுமாக இரண்டு. அதனால் முதல் மூன்றை வெட்டி எடுத்தால் "வணக்" கிடைக்காது, "வணக" கிடைக்கும். படிவத்தில் "20 எழுத்துக்கு மேல் கூடாது" என்று சரிபார்க்கும் கோட் தமிழ்ப் பெயர்களை அநியாயமாகத் தள்ளிவிடுவது இப்படித்தான். எழுத்து எழுத்தாகப் பிரிக்க ஓப்பன்-தமிழ் லைப்ரரி இருக்கிறது. நாமே கையால் பிரிக்கப் போனால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

அதைவிட ஆளைச் சுற்றவிடுவது இது. "கொடி" என்பதில் உள்ள கொ-வை க-வும் ஒகரக் குறியும் சேர்த்து இரண்டு குறியீடாக எழுதலாம். க, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். சமமா என்று கேட்டால் பைத்தான் இல்லை என்றே சொல்லும். லென் ஒன்றில் 4, இன்னொன்றில் 5. தேடினால் கிடைக்கவில்லை, ஒரே பெயர் பட்டியலில் இரண்டு முறை வருகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். யூனிகோட்டேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸ் ஃபங்ஷனுக்கு என்எஃப்சி (சேர்த்தெழுதிய வடிவம்) என்று சொல்லிக் கொடுத்தால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். தரவு உள்ளே நுழையும் இடத்திலேயே இதைச் செய்துவிடுங்கள். ஆனால் கௌ-வில் ஔகாரக் குறியின் பின்பாதிக்குப் பதிலாக ள என்ற எழுத்தையே சிலர் அடித்திருப்பார்கள். நார்மலைஸ் அதைத் தொடாது. அதைத் தனியாகத்தான் கவனிக்க வேண்டும்.

லிஸ்ட் பக்கம் வருவோம். ஒரு லிஸ்டை இன்னொரு பெயருக்கு சமக்குறி போட்டுக் கொடுத்தால் நகல் உருவாகாது. ஒரே லிஸ்டுக்கு இரண்டு பெயர், அவ்வளவுதான். ஒன்றில் சேர்த்தால் மற்றதிலும் தெரியும். நகல் வேண்டுமென்றால் காப்பி என்று கேட்டு வாங்க வேண்டும். லிஸ்டுக்குள் லிஸ்ட் இருந்தால் டீப்காப்பி.

இதன் கொஞ்சம் மறைவான வடிவம் ஃபங்ஷனில் வரும். ஒரு அளவுருவுக்கு இயல்பு மதிப்பாக வெற்று லிஸ்டைக் கொடுத்திருப்பீர்கள். முதல் அழைப்பில் 1 சேர்த்தால் லிஸ்டில் 1 இருக்கும். இரண்டாவது அழைப்பில் 2 சேர்த்தால் 2 மட்டும் இருக்கும் என்று எதிர்பார்ப்போம். இருப்பது 1, 2. அந்த வெற்று லிஸ்ட், ஃபங்ஷன் வரையறுக்கப்படும்போது ஒரே ஒருமுறைதான் பிறக்கிறது. ஒவ்வொரு அழைப்பும் அதையே பிடித்துக்கொள்கிறது. இயல்பு மதிப்பாக நன் (None, 'எதுவும் இல்லை' என்ற மதிப்பு) கொடுத்து, உள்ளே நன் என்றால் புது லிஸ்ட் உண்டாக்குவதுதான் வழக்கம்.

லூப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே லிஸ்டிலிருந்து நீக்காதீர்கள். 2, 4, 6, 7 என்ற லிஸ்டில் இரட்டைப்படை எண்களை அப்படி நீக்கிப் பாருங்கள். மிஞ்சுவது 4, 7. இரண்டை எடுத்ததும் நான்கு அதன் இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது, லூப்போ அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது. நான்கை யாரும் பார்ப்பதே இல்லை. எரரும் வராது, அதுதான் ஆபத்து. வேண்டியதை மட்டும் எடுத்து புது லிஸ்ட் செய்யுங்கள்.

சின்னச் சின்னதாகச் சில. இன்புட் கொடுப்பது எப்போதும் ஸ்ட்ரிங்தான். எண்ணாக மாற்றாமல் வரிசைப்படுத்தினால் 10 முன்னால் வரும், 9 பின்னால் போகும். லிஸ்டின் சார்ட் அதே லிஸ்டைத்தான் மாற்றும், திருப்பித் தருவது நன். விடையை வேரியபிளில் வாங்க வேண்டுமென்றால் சார்ட்டட். 0.1 + 0.2 என்பது 0.30000000000000004 என்று வருவது இருமத்தில் 0.1-ஐத் துல்லியமாக எழுத முடியாததால். பணக் கணக்கு என்றால் டெசிமல் மாட்யூலுக்குப் போங்கள், அதற்குள் எண்ணை ஸ்ட்ரிங்காகவே கொடுங்கள். கோப்புக்கு ரேண்டம் என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே ரேண்டமை இம்போர்ட் செய்தால், உங்கள் கோப்பு தன்னையே இம்போர்ட் செய்துகொள்ளும். பேக்கேஜை இன்ஸ்டால் செய்தும் "அப்படி ஒரு மாட்யூல் இல்லை" என்று வந்தால், பிப் (பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் கருவி) அதை வேறொரு பைத்தானுக்குப் போட்டிருக்கலாம். பைத்தான் வழியாகவே பிப்பை அழையுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் தனி வென்வ் (பேக்கேஜ்களைத் தனித்தனியாக வைக்கும் சூழல்) வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சியே கேட்கிறேன். ட்ரை போட்டு, எந்த எரர் என்றே சொல்லாமல் எக்செப்ட் எழுதி, அதற்குள் பாஸ் (எதுவும் செய்யாதே) என்று விட்டுவிடாதீர்கள். எரர் மறையும், பழுது மறையாது. இரவில் தானாக ஓடும் ஒரு ஸ்கிரிப்டில் இப்படி ஒரு வரி இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வேரியபிள் பெயரில் ஓர் எழுத்து தவறு. நேம்எரர் வந்திருக்க வேண்டும். அந்த எக்செப்ட் அதை விழுங்கிவிட்டது. வாரக்கணக்கில் வெற்றுக் கோப்புகள் சேமிக்கப்பட்டுக்கொண்டே இருந்தன, எல்லாம் ஓடுகிறது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். போன தரவு திரும்பி வரவில்லை. நீங்கள் எதிர்பார்க்கும் எரரின் பெயரை மட்டும் எழுதிப் பிடியுங்கள். மற்றது வெடிக்கட்டும்.

உங்களுக்கு வரும் எரர் எது என்று நீங்கள் எழுதவில்லை. அந்த ட்ரேஸ்பேக்கின் கடைசி வரியையும், அந்த வேரியபிளுக்கு ரெப்ர் காட்டியதையும் அப்படியே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.