முப்பது சொல்லில் விஞ்ஞானக் கதை: வாசகர் கேள்வி-பதில்

சமூக வலைத்தளங்களில் குட்டி விஞ்ஞானக் கதை எழுதுகிறவர்கள் சந்தேகம் கேட்கலாம் என்று போன இதழில் நாலு வரி போட்டிருந்தோம். தில்லித் தமிழர்களில் இத்தனை பேர் ஆபீஸ் நேரத்தில் செவ்வாய்க்குப் போய் வருகிறார்கள் என்று தெரியாது. வந்ததில் சில இங்கே. கதையை முழுசாக அனுப்பியவர்களின் கதையைச் சுருக்கித்தான் சொல்லியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் கதையில் எழுத்துகளை விரல்விட்டு எண்ணினேன், 170-ஐத் தாண்டவில்லை. ட்விட்டரோ (அதான், எக்ஸ்) 280 முடிந்துவிட்டது என்கிறது. தமிழுக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை?
- வாசகர், ஆர்.கே.புரம்

ஓரவஞ்சனை இல்லை சார், கணக்கு வேறு. 'வி' நமக்கு ஒரு எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது 'வ' ஒன்று, மேலே போட்ட சுழி ஒன்று, ஆக இரண்டு. புள்ளி வைத்த எழுத்தும் அப்படித்தான், 'க்' என்றால் க-வுக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று. 'விண்வெளி' நமக்கு நாலு எழுத்து, அங்கே எட்டு. அ, க, ம என்று மொட்டையாக நிற்பவை மட்டும்தான் ஒன்றுக்கு ஒன்று. 2017 நவம்பரில் 140-ஐ 280 ஆக்கியபோது சீன, ஜப்பானிய, கொரிய மொழிக்காரர்களுக்கு ஏற்றித் தரவில்லை, நமக்குத் தந்தார்கள், அந்த மட்டில் லாபம்.

நடைமுறையில் முப்பது சொல் சொச்சம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இருக்கின்றது' என்று எழுதினால் 12 போச்சு, 'உள்ளது' என்றால் 6, 'இருக்கு' என்றால் 7. எமோஜி ஒன்றுக்கு இரண்டு. லிங்க் எவ்வளவு நீளமானாலும் 23. இடம் பிடிக்கிறேன் என்று சந்தி ஒற்றை மட்டும் வெட்டாதீர்கள், பார்க்கவே பல் விழுந்த மாதிரி இருக்கும். 'மர்மமான', 'பிரம்மாண்டமான', 'விசித்திரமான' மூன்றையும் தூக்குங்கள், அதிலேயே ஒரு வாக்கியத்துக்கு இடம் கிடைத்துவிடும். மாதச் சந்தா கட்டினால் பக்கம் பக்கமாக எழுத விடுகிறார்கள், ஆனால் அப்புறம் அது வேறு சரக்கு.

2090-ல் தில்லியில் காற்றைக் காசு கொடுத்து வாங்குவதாக ஒரு கதை போட்டேன். ஒருத்தர்கூட அசரவில்லை. ஏன்?
- வாசகர், துவாரகா

ஏனென்றால் 2019-லேயே சாகேத்தில் ஒரு மாலில் பதினைந்து நிமிட ஆக்ஸிஜனை 299 ரூபாய்க்கு விற்க ஆரம்பித்துவிட்டார்கள், லாவெண்டர், எலுமிச்சைப் புல் என்று வாசனை வேறு. தீபாவளிக்கு அடுத்த வாரம் ஜன்னலைத் திறந்து பார்க்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, காற்று கெட்டுப்போகும் என்று எச்சரித்தால் யார் அசருவார்கள்? அதை எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயமாக வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள். காற்றை விற்கிறான், சரி. தவணையில் விற்பானா? மாமனார் வீட்டுக்குப் போகிறவன் தன் சிலிண்டரைக் கையோடு கொண்டுபோவானா, இல்லை அங்கே போய் அவர்கள் காற்றை இழுப்பது மரியாதையா? கதை அந்த மரியாதைப் பிரச்சினையில்தான் இருக்கிறது.

நான் எழுதிய கதையை இணைத்திருக்கிறேன். இது விஞ்ஞானக் கதையா இல்லையா என்று வீட்டில் சண்டை. தீர்ப்புச் சொல்லுங்கள்.
- வாசகி, கரோல் பாக்

கதைச் சுருக்கம் மற்றவர்களுக்காக: தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு விஞ்ஞானி அணுக் கடிகாரத்தில் ஒரு நொடியைக் கூட்டுகிறார். பூமியின் சுழற்சி பற்றி மூன்று வரி விளக்கம். அதே நேரத்தில் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை பிறக்கிறது, நர்ஸ் நேரம் குறிக்கிறாள். அந்தக் கூடுதல் நொடிக்குள் விஞ்ஞானி தன் இறந்துபோன மனைவியைப் பார்க்கிறார். கண் விழித்தால் எல்லாம் கனவு.

அம்மா, விஷயத்தை நீங்கள் பிரமாதமாகப் பிடித்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலிருந்து பூசா பக்கம் நடந்து போகிற தூரத்தில்தான் நாடு முழுக்க ஓடுகிற இந்திய நேரத்தைப் பராமரிக்கிறார்கள். பூமி தன்னைத்தானே சுற்றுவது அணுக் கடிகாரம் மாதிரி சீராக இருப்பதில்லை, அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட 1972-லிருந்து 27 தடவை உலகக் கடிகாரத்தில் ஒரு நொடி செருகியிருக்கிறார்கள். கடைசியாகச் செருகியது 2016 டிசம்பர் 31 முடிகிறபோது, நமக்கு அது 2017 ஜனவரி 1 காலை ஐந்தரை. அன்றைக்கு முறைப்படி 5:29:59-க்கு அப்புறம் 5:29:60 என்று ஒரு நொடி வந்தது. 2035-க்குள் இந்த வழக்கத்தையே நிறுத்திவிடுவது என்று 2022-ல் முடிவும் பண்ணிவிட்டார்கள். ஆக, உங்கள் கையில் இருப்பது இனி வராமலே போகக்கூடிய ஒரு நொடி. அதை வைத்துக்கொண்டு கனவா காண்பது?

விஞ்ஞானியைத் தூக்குங்கள். மனைவியையும், வருத்தத்தோடு. பூமி சுழற்சி விளக்கம் வேண்டவே வேண்டாம், தெரிந்தவனுக்குத் தேதியே போதும், தெரியாதவன் கூகுளில் தேடட்டும், தேடினால் இன்னொரு தடவை கதையைப் படிப்பான். கதை, போகிற போக்கில் நேரம் குறிக்கிற அந்த நர்ஸிடம் இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் நொடி வரை எழுத மாட்டார்கள். நொடி பார்த்துக் குறிக்கிற ஜன்மம் நம் வீடுகளில் ஒன்றுதான், ஜாதகத்துக்காகப் பிரசவ அறை வாசலில் செல்போனோடு நிற்கும் பாட்டி. அந்தச் செல்போனும் 60 என்று காட்டாது. அந்த மாதிரி நேரத்தில் பல கம்ப்யூட்டர்கள் 59-ஐயே இரண்டு தடவை ஓட்டிவிடும். இப்போது பாருங்கள்:

"2017 ஜனவரி 1. பேரன் தலை தெரிந்தபோது போனில் 5:29:59. வீறிட்டு அழுதபோதும் 5:29:59. ஜோசியர் 'இரண்டில் எது?' என்றார். பாட்டிக்குச் சொல்லத் தெரியவில்லை. கட்டம் போடாமலே வளர்ந்தான். சனி இன்னும் வீட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்."

280-ல் இன்னும் இடம் மிச்சம் இருக்கிறது. பாட்டி வாசலில் நின்றுகொண்டு தலை தெரிந்ததை எப்படிப் பார்த்தாள் என்று யாராவது கேட்பார்கள், அதை நீங்கள் சரிபண்ணிக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் நானே செய்தால் எப்படி.

தீர்ப்பு: கடைசி வாக்கியம் ஜோசியம், அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் விஞ்ஞானம். அந்த நொடி நிஜம், அது இல்லாவிட்டால் கதையே நடக்காது. எனக்கு அது போதும், இது விஞ்ஞானக் கதைதான். உங்கள் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

என் கதையை ஒரு பக்கத்தில் என் பெயர் இல்லாமல் போட்டுவிட்டார்கள். இன்னொருவர் என் கருவை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு கதை எழுதியிருக்கிறார். வழக்குப் போடலாமா?
- வாசகர், மயூர் விஹார்

இரண்டும் ஒன்றில்லை. வரிக்கு வரி எடுத்தது திருட்டு. எழுதிய நிமிடமே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது, 1957-ஆம் வருஷச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, உங்கள் ஆயுள் முழுக்கவும் அதற்கு மேல் 60 வருஷமும் அது நிற்கும். முதலில் தேதி தெரிகிற மாதிரி உங்கள் பதிவையும் அவர்கள் பதிவையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், அப்புறம் அந்தத் தளத்திலேயே பதிப்புரிமைப் புகார் படிவம் இருக்கும், அதை நிரப்புங்கள். கமென்ட்டில் போய்ச் சண்டை போட்டால் அவர்களுக்குத்தான் கூட்டம் சேரும்.

கருவை எடுத்துக்கொண்டவரை விட்டுவிடுங்கள். இதற்கு நம் ஊரிலேயே, அதுவும் நம்மவர்கள் சம்பந்தப்பட்ட வழக்கு ஒன்று உண்டு. ஆர்.ஜி.ஆனந்த் என்பவர் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்று ஒரு நாடகம் எழுதி 1954-ல் தில்லியில் போட்டார், ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரு மதராஸிக் குடும்பம், நடுவில் காதல், பெற்றோர் எதிர்ப்பு. 1956-ல் 'நியூ டெல்லி' என்று இந்திப் படம் வந்தது, கிஷோர் குமாரும் வைஜயந்திமாலாவும் நடித்தது, அதிலும் பஞ்சாபிப் பையன், தமிழ்ப் பெண். என் நாடகத்தைத் திருடிவிட்டார்கள் என்று ஆனந்த் வழக்குப் போட்டு, அது உச்ச நீதிமன்றம் வரை போய் 1978-ல் அவருக்கு எதிராகத் தீர்ப்பானது. கரு யாருக்கும் சொந்தமில்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உரிமை என்பது அதன் சாரம். இன்றைக்கும் இந்த மாதிரி வழக்குகளில் முதலில் எடுத்து நீட்டுவது அதைத்தான். பஞ்சாபி-மதராஸிக் காதலுக்கே தனி உரிமை கிடைக்கவில்லை, உங்கள் காலப்பயண ஆட்டோவுக்கு எங்கே கிடைக்கப்போகிறது?

பெயர் போய்விடக் கூடாது என்று கதையையே படமாக்கிப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. படத்துக்குள் பெயர் இருந்தாலும் ஓரத்தை வெட்டிவிடுவார்கள், தேடினால் கிடைக்காது, கண் தெரியாதவர்களின் போன் அதை வாசித்துக் காட்டவும் திணறும். படம் போட்டே தீர வேண்டுமென்றால் கதையை எழுத்தாகவும் கூடவே போடுங்கள்.

ஃபேஸ்புக்கில் போட்ட கதையைப் பத்திரிகைப் போட்டிக்கு அனுப்பலாமா?
- வாசகி, நொய்டா

பெரும்பாலான போட்டிகளில் கூடாது, எங்கும் வெளிவராத கதை என்றால் ஃபேஸ்புக்கும் 'எங்கும்'-இல் சேர்த்திதான். அழித்துவிட்டு அனுப்புவதெல்லாம் வேலைக்கு ஆகாது, யாராவது ஒரு நண்பர் ஸ்கிரீன்ஷாட் வைத்திருப்பார். நல்லதை எடுத்துவையுங்கள், சுமாரானதைப் போடுங்கள்.

பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நான் எழுதுவது அவர்களுக்குப் போய்ச் சேர இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதட்டுமா?
- வாசகி, ஜனக்புரி

எழுதாதீர்கள். முப்பது சொல் கதையை அப்படி எழுதினால் பல சொல்லை இரண்டு தடவை படிக்க வேண்டியிருக்கும், கதை அங்கேயே செத்தது. வாய்விட்டுப் படித்து வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்புங்கள், நிறுத்தி நிதானமாகப் படித்தாலும் அரை நிமிடம் ஆகாது. அம்மா குரலில் ஏலியன் வந்தால் பிள்ளைகள் கேட்காமல் இருப்பார்களா? ஸ்டேட்டஸில் வைத்தால் 24 மணி நேரத்தில் போய்விடும் என்பதால், நேரே அவர்களுக்கே அனுப்புவது நல்லது. படிக்க ஆசை வந்தால் அப்புறம் தமிழ் எழுத்திலும் அதே கதையை அனுப்புங்கள், கேட்டதையே பார்க்கும்போது எழுத்துக் கூட்டிப் படிக்கச் சுலபமாக இருக்கும்.

என் கணவர்தான் என் முதல் வாசகர். எதைக் காட்டினாலும் "சூப்பர்" என்கிறார். நம்பலாமா?
- வாசகி, முனிர்கா

அடுத்த தடவை "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். போனை வாங்கிக்கொண்டு "என்ன நடந்தது, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேளுங்கள். சரியாகச் சொன்னால் போடுங்கள். அவர் சொல்வது உங்கள் கதையைவிட நன்றாக இருந்தால் அதைப் போடுங்கள், மேலே சொன்னபடி கரு யாருக்கும் சொந்தமில்லை.