வீட்டில் விண்டோஸ், பள்ளியில் லினக்ஸ்: பைத்தான் கேள்வி பதில்

சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ் மீடியம் பிள்ளைகள் பள்ளியில் பைத்தான் என்ற நிரல்மொழியைப் படிப்பது, கேரள அரசின் பள்ளித் தொழில்நுட்ப அமைப்பான கைட் தருகிற உபுண்டு வழி லினக்ஸில். வீட்டிலோ பெரும்பாலும் விண்டோஸ். அந்த இடைவெளியில் வந்து விழுந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

டீச்சர், வீட்டு லேப்டாப்பில் பைத்தான் என்று அடித்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறது. ஏன்? (பத்தாம் வகுப்பு மாணவி, வேலந்தாவளம்)

கண்ணு, உன் லேப்டாப்பில் பைத்தான் இன்னும் ஏறவே இல்லை. 2019-இல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து அந்தப் பெயரை அடித்தால் ஸ்டோருக்குக் கூட்டிப்போகும்படி வைத்திருக்கிறார்கள். பைத்தானின் சொந்தத் தளத்திலிருந்து வழக்கமான இன்ஸ்டாலரை இறக்கு. திறந்ததும் முதல் திரையின் அடியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். பைத்தானை 'பாத்'தில் சேர்க்கட்டுமா என்று கேட்கும். அதில் டிக் இருக்காது, நீதான் போட வேண்டும். எல்லாரும் அவசரத்தில் மேலே உள்ள 'இன்ஸ்டால் நவ்' பொத்தானுக்கே ஓடிவிடுகிறார்கள். நீ அடிக்கும் கட்டளையை விண்டோஸ் எந்தெந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்ற பட்டியல்தான் பாத். டிக் போடாமல் விட்டிருந்தாலும் பயப்படாதே. பி, ஒய் என்ற இரண்டு எழுத்தை மட்டும் அடித்துப் பார், இன்ஸ்டாலரோடு வரும் லாஞ்சர் என்ற சின்ன நிரலே பைத்தானைத் தேடித் திறக்கும். >>> என்று வந்தால் சரி.

பழைய லேப்டாப்பில் உபுண்டு போட்டோம். பைத்தான் என்றால் கட்டளையே இல்லை என்கிறது, பைத்தான்3 என்றால் திறக்கிறது. உள்ளதை அழித்துவிட்டுப் புதுசாகப் போடலாமா? (ஐடிஐ மாணவர், சித்தூர்)

வேண்டாம் தம்பி, தயவுசெய்து அழிக்காதீர்கள். உபுண்டுவின் பல உள்வேலைகள் அந்தப் பைத்தானை நம்பித்தான் ஓடுகின்றன. அதை நீக்கினால் டெஸ்க்டாப்பே சேர்ந்து போய்விடலாம். புதிய பதிப்பு தேவையென்றால் பழையதைத் தொடாமல் பக்கத்தில் போடுங்கள். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது, அந்தப் பழைய பதிப்பைக் குறித்துவந்த வெறும் 'பைத்தான்' என்ற பெயர் உபுண்டு 20.04 முதல் தானாக வருவதில்லை. 3 சேர்த்தே அடித்துப் பழகுங்கள்.

கம்பெனியில் மேக் கொடுத்திருக்கிறார்கள். அதில்? (வாளையாறு)

மேக் ஓஎஸ் 12.3 பதிப்பில், 2022-இல், கூடவே வந்த பைத்தான் 2.7-ஐ எடுத்துவிட்டார்கள். கட்டளை அடிக்கும் திரையான டெர்மினலில் பைத்தான்3 என்று அடியுங்கள். டெவலப்பர் கருவிகளை இறக்கட்டுமா என்று கேட்டால் சம்மதியுங்கள், பைத்தானும் அதோடு வந்துவிடும்.

கம்ப்யூட்டரே இல்லை டீச்சர், ஃபோன் மட்டும்தான். பையன் படிக்க முடியுமா? (ஒரு தாய், மூணாறு)

தாராளமாக முடியும், அக்கா. ஆண்ட்ராய்டில் பைட்ராய்ட் 3 என்ற ஆப்பைப் போட்டுக் கொடுங்கள். ஒருமுறை இறக்கினால் நெட் இல்லாமலும் ஓடும். ஃபோன்தானே என்று அவனைத் தயங்க விடாதீர்கள். லூப்பும் ஃபங்ஷனும் அதிலும் அதே பாடம்தான்.

ஃபைலில் தமிழ்ப் பெயர் எழுதினால் பள்ளியில் ஓடுகிறது, வீட்டில் எர்ரர். ஏன்? (ஒன்பதாம் வகுப்பு, கொழிஞ்சாம்பாறை)

நல்ல கேள்வி. ஃபைலைத் திறக்கும்போது லினக்ஸ் வழக்கமாக, தமிழுக்கும் இடமுள்ள யுடிஎஃப்-8 என்ற எழுத்துமுறையை எடுத்துக்கொள்ளும். உன் விண்டோஸ் பழைய எழுத்துமுறையை எடுக்கிறது. அதில் தமிழுக்கு இடம் கிடையாது. ஃபைல் திறக்கும் வரியிலேயே என்கோடிங் யுடிஎஃப்-8 என்று எழுதிவிடு, இரண்டு இடத்திலும் ஓடும். அப்புறம், வேரியபிளுக்கு 'மதிப்பெண்' என்று தமிழிலேயே பெயர் வைத்துப் பார். பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.