கம்ப்யூட்டர் கேள்வி பதில்: பழைய பில்லை அழிச்சிடலாமா?

கேள்வி: 2019ல ஒரே கடையா ஆரம்பிச்ச சூப்பர் மார்க்கெட், இப்ப மூணு கிளை ஆயிடுச்சு. போன சனிக்கிழமை சாயங்காலம் நல்ல கூட்டத்துல பில்லே போட முடியல, ஸ்கிரீன்ல 10240 எம்பி லிமிட்னு ஏதோ வந்துச்சு. சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவர் பழைய பில்லை எல்லாம் டெலிட் பண்ணிடலாம், அஞ்சு நிமிஷ வேலைங்கறார். செய்யலாமா?
- பெயர் வேண்டாம்னு கேட்ட வாசகர், திண்டுக்கல்

பதில்: தயவுசெஞ்சு இப்ப டெலிட் பண்ணாதீங்க. அந்த 10240 எம்பி லிமிட்டைப் பார்த்தா, உங்க பில் எல்லாம் சேர்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் மைக்ரோசாஃப்ட் இலவசமா கொடுக்கிற எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ். உங்ககிட்ட இருக்கிற வெர்ஷன்ல ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு (அதான் அந்த 10240 எம்பி) மேல வளராது. ஒரு கடைக்கு தினம் 900 பில், பில்லுக்கு 8 ஐட்டம்னு வைங்க, ஐட்டத்துக்கு ஒரு வரி (டாக்ஸ் இல்ல, லைன்), மூணு கடைக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 21,600 வரி, வருஷத்துக்கு கிட்டத்தட்ட 79 லட்சம் வரி, அதுக்கு மேல சீக்கிரம் தேடி எடுக்கறதுக்கான இண்டெக்ஸ் வேற, அப்புறம் 10 ஜிபி எத்தனை நாளைக்கு தாங்கும் சொல்லுங்க.

முதல்ல இடத்தை யார் பிடிச்சிருக்காங்கன்னு பாருங்க. டேட்டாபேஸைத் திறந்து பாக்கற மேனேஜ்மென்ட் ஸ்டூடியோங்கற சாஃப்ட்வேர்ல டேட்டாபேஸ் மேல ரைட் கிளிக் பண்ணி, ரிப்போர்ட்ஸ் உள்ள போய் டிஸ்க் யூசேஜ் பை டாப் டேபிள்ஸ் எடுத்தா எந்த டேபிள் எவ்வளவு பெருசுன்னு வரிசையா வந்துடும். பல கடைகள்ல ஐட்டம் போட்டோ, யார் எப்ப லாகின் பண்ணாங்கங்கற லாக் டேபிள், இதுங்களே ஒண்ணு ரெண்டு ஜிபி அடைச்சிட்டு இருக்கும். போட்டோவை வெளிய ஒரு ஃபோல்டருக்கு மாத்தச் சொன்னாலே கொஞ்ச நாளைக்கு மூச்சு விடலாம்.

பில்லை ஏன் அழிக்கக் கூடாதுங்கறேன்னா, எனக்குத் தெரிஞ்ச ஒரு பாத்திரக்கடையில நடந்ததைச் சொல்றேன். 2018ல 240 டிபன் கேரியர் வாங்கினாங்க, 2021 மார்ச் வரைக்கும் 190 வித்துது, அதுக்கப்புறம் 43, மீதி 7 ரேக்குல இருக்கு. அந்த சாஃப்ட்வேர் ஸ்டாக்கை தனியா எழுதி வைக்கல, வாங்கினது மைனஸ் வித்ததுன்னு ஒவ்வொரு தடவையும் கூட்டித்தான் காட்டும். 2021 மார்ச்சுக்கு முன்னாடி உள்ளதை ஒரு ஆள் டெலிட் பண்ணினார், அடுத்த நாள் காலையில அதே டிபன் கேரியர் ஸ்டாக் மைனஸ் 43! கடை முழுக்க இதே கதை. தீபாவளி நேரம், நாலு ராத்திரி எல்லாரும் உட்கார்ந்து சரக்கை கையால எண்ணினாங்க, அதைப் பார்த்து எனக்கு மனசே கேக்கல.

அங்க 50 டிபன் கேரியர்னு ஒரு ஓபனிங் ஸ்டாக் வரி போட்டுட்டு அழிச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. டாலி கணக்கு சாஃப்ட்வேர்ல கம்பெனி டேட்டாவை ஸ்ப்ளிட் பண்ணா ஓபனிங் பேலன்ஸ் புதுசுக்கு வருதுல்ல, அதே வேலைதான். ஸ்டாக் மட்டுமில்ல, கஸ்டமர் கடன் பாக்கி, பாயின்ட்ஸ், சப்ளையருக்குக் கொடுக்க வேண்டியது எல்லாத்துக்கும் ஓபனிங் வேணும்.

செய்யற முறை இதுதான். முழு பேக்கப் எடுத்து அதை வேற கம்ப்யூட்டர்ல ரீஸ்டோர் பண்ணி, எல்லா வேலையையும் முதல்ல அங்கயே செஞ்சு பாக்கச் சொல்லுங்க. 10 ஜிபி லிமிட் டேட்டாபேஸ் ஒண்ணொண்ணுக்கும் தனித்தனி, அதனால அதே சர்வர்ல ஆர்க்கைவுக்குன்னு, அதாவது பழசைப் பத்திரமா வைக்கறதுக்குன்னு, இன்னொரு டேட்டாபேஸ் திறந்து பழைய வருஷ பில்லை அங்க காப்பி பண்ணி, ரெண்டு பக்கமும் வரி எண்ணிக்கையும் பில் தொகையோட கூட்டலும் பைசா சுத்தமா ஒத்துப் போகுதான்னு பார்த்துட்டு, ஓபனிங் போட்டுட்டு, அப்புறம்தான் பழையதை எடுக்கணும், அதுவும் கடை மூடின பிறகு ஒரு தடவைக்கு நாலாயிரம் வரின்னு கொஞ்சம் கொஞ்சமா. ஒரே அடியா எடுத்தா டேபிள் பூட்டிக்கும், வேற யாரும் அதுல எழுத முடியாது, ஒவ்வொரு மாற்றத்தையும் குறிச்சு வைக்கிற லாக் (log) ஃபைலும் வீங்கும். முடிச்சதும் முன்னாடி எடுத்த ஸ்டாக் ரிப்போர்ட்டும் இப்ப வர்றதும் ஒரே மாதிரி இருக்கணும், ஒரு ஐட்டம் மாறினாலும் நிறுத்திடுங்க.

அழிச்ச பிறகும் ஃபைல் சைஸ் குறையாது, பயப்படாதீங்க. உள்ள காலியான இடத்துல புது பில் உட்கார்ந்துக்கும், ஃபைலைச் சுருக்கற ஷ்ரிங்க் பண்ணத் தேவையே இல்ல, பண்ணா இண்டெக்ஸ் சிதறி பில்லிங்தான் மெதுவாகும்.

ஆர்க்கைவையும் தூக்கிப் போட்டுடாதீங்க. ஜிஎஸ்டி சட்டம் 36ஆம் பிரிவுப்படி கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கடைசி தேதியிலிருந்து 72 மாசம் வைக்கணும். 2021-22 கணக்குக்கு அந்தத் தேதி 2022 டிசம்பர் 31, அப்ப 2028 டிசம்பர் 31 வரைக்கும். அப்பீல், விசாரணை ஏதாவது ஓடினா இன்னும் நீளலாம்.

எஸ்கியூஎல் சர்வர் 2025 எக்ஸ்பிரஸ்ல லிமிட்டை 50 ஜிபி ஆக்கிட்டாங்க. உங்க பில்லிங் சாஃப்ட்வேர் அதுல ஓடுமான்னு கேளுங்க, ஓடும்னா முதல்ல அதுக்கு மாறுங்க, ஆர்க்கைவை நிதானமா பண்ணிக்கலாம்.

கேள்வி: தினமும் ராத்திரி பேக்கப்பை பென்டிரைவ்ல எடுக்கறோம், பென்டிரைவ் சர்வர்லயே சொருகி இருக்கு. போதுமா?
- ஒரு ஜவுளிக்கடை வாசகி, ஈரோடு

பதில்: போதாதும்மா. ஃபைலை எல்லாம் பூட்டிட்டுப் பணம் கேக்கற ரான்சம்வேர் வைரஸ் வந்தா சொருகி இருக்கிற பென்டிரைவையும் சேர்த்துப் பூட்டிடும். ரெண்டு டிரைவ் வாங்கி மாத்தி மாத்தி எடுங்க, ஒண்ணு எப்பவும் வீட்டுல இருக்கட்டும். உங்ககிட்டயும் மேல சொன்ன எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ்தான்னா, அதுல தானா பேக்கப் எடுக்கிற ஏஜென்ட் கிடையாது, விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர்தான் அந்த வேலையைச் செய்யும், விண்டோஸ் பாஸ்வேர்டு மாத்தினா அது சத்தமில்லாம நின்னுடும், அதனால காலையில கடை திறந்ததும் ஃபைல் தேதியை ஒரு தடவை பார்த்துடுங்க. மாசம் ஒரு தடவை வேற கம்ப்யூட்டர்ல ரீஸ்டோர் பண்ணி நேத்து கடைசி பில் நம்பர் அதுல இருக்கான்னும் பாருங்கம்மா.